கவனம் 'ஸ்விட்ச் ஆஃப்' ஆகும்போது

கார்த்திகை மாதத்தில், கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையின் பூர்ணத்ரயீசர் கோயிலில் எட்டு நாள் விருச்சிகோற்சவம் நடைபெறும். இரவெல்லாம் நீளும் கதகளியும் அதில் உண்டு. வேடமிட்டவர் வசனம் பேசுவதில்லை. பின்னே நின்று பாடகர் பாட, 24 அடிப்படை முத்திரைகளைக் கொண்டு கைகளே பேசுகின்றன. முத்திரை அறியாதவர் அங்கே அமர்ந்தால், சற்று நேரத்தில் கண் மேடையில் இருக்க, மனம் மட்டும் அணைந்துவிடும். இந்நிலையை ஆங்கிலத்தில் 'ஸ்விட்ச் ஆஃப்' என்பர்.

விளக்கையும் கைபேசியையும் நிறுத்துவதற்கு இத்தொடரை நாம் நாள்தோறும் ஆள்கிறோம். அப்பொருளில் செயப்படுபொருள் வேண்டும். 'ஸ்விட்ச் ஆஃப் த லைட்' எனலாம். 'ஸ்விட்ச் த லைட் ஆஃப்' என்று பிரித்தும் சொல்லலாம். 'இட்' என்னும் சுட்டுப்பெயர் வந்தாலோ, 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்பது மட்டுமே சரி. சலிப்பைக் குறிக்கையில் செயப்படுபொருளே வருவதில்லை. 'ஐ ஸ்விட்ச்டு ஆஃப்' என்றால் 'என் கவனம் அற்றுப்போயிற்று' என்பது பொருள். 'ஸ்விட்ச் ஆஃப் ஃப்ரம் வொர்க்' என்பது வேறு. பணிக்கவலை மறந்து இளைப்பாறுதல் அது.

நம்மவர் 'போரடிக்கிறது' என்பர். களத்தில் கதிர்ப்போரை மாடு கட்டி மிதித்ததைக் குறித்த பழஞ்சொல்லின் மேல், ஆங்கிலப் 'போர்' ஏறிக்கொண்ட வேடிக்கை இது! ஆயினும் 'போரடிக்கிறது' என்றால் குற்றம் நிகழ்ச்சியைச் சேரும். 'ஸ்விட்ச் ஆஃப்' கேட்பவரிடம் நேர்வதைச் சொல்லும். கதையை முன்பே அறிந்து வந்தவர் அதே கதகளிக்கு விடியும்வரை அமர்ந்திருப்பார்.

கதகளியில் கவனம் அற்றால் இழப்பு ஓரிரவு. கடன் ஒப்பந்தம் வாசிக்கப்படுகையில் அற்றால், மாறும் வட்டியும் அபராதக் கட்டணமும் காதில் விழாமலே கையொப்பம் விழுந்துவிடும். விளைவு தவணை முடியும்வரை தொடரும்.

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கும், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தவணைக் கடன்களுக்கும் 'முக்கிய விவரங்கள் அறிக்கை' தரவேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அது அமையவேண்டும்; உள்ளடக்கத்தை அவருக்கு விளக்கி ஒப்புதல் பெறவேண்டும். வட்டியோடு பிற கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் சதவீத விகிதத்தை அதில் காணலாம். கடன் காலம் 7 நாளோ அதற்கு மேலோ ஆயின், முடிவெடுக்கக் குறைந்தது 3 வேலைநாள் அவகாசம் உண்டு. வங்கி முகப்பில் கவனம் சிதறியவர், அறிக்கையை வீட்டிற்கு எடுத்துச் சென்று படித்து, விளங்காத வரியைக் கோடிட்டு, மறுநாள் வந்து கேட்கலாம்.