சாலைத் திட்ட மதிப்பீடும் போக்குவரத்து மாதிரிகளும்

உத்திசார் போக்குவரத்து மாதிரி என்பது ஒரு நகரம் முழுவதிலும் நடக்கும் அன்றாடப் பயணங்களைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் முறை ஆகும். புதிய சாலையால் யாருக்கு எவ்வளவு பயன் என்பதை, பணம் செலவிடும் முன்பே மதிப்பிட இது உதவுகிறது.

கணக்கிடும் முறை

முதலில் நகரம் சிறு மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. பின்னர் நான்கு கேள்விகளுக்கு விடை காணப்படுகிறது. ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் எத்தனை பயணங்கள் புறப்படுகின்றன? அவை எங்கே செல்கின்றன? பேருந்திலா, இருசக்கர வாகனத்திலா, காரிலா? எந்தச் சாலை வழியாக?

எதிர்கால ஆண்டு ஒன்றில் திட்டம் இருந்தால் என்ன நிலை, இல்லாவிட்டால் என்ன நிலை என்று இருமுறை கணக்கிடுவர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே திட்டத்தின் பயன். சாலை திறப்பதற்கு முந்தைய நிலையையும் பிந்தைய நிலையையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது. சாலை போடாவிட்டாலும் வாகனங்கள் பெருகும் அல்லவா?

மதுரையில்

மதுரை மாநகராட்சி அமைத்த சுமார் 27 கி.மீ. உள்வட்டச் சாலையை எடுத்துக்கொள்வோம். திருச்சி பக்கமிருந்து திருமங்கலம் செல்லும் லாரி ஊருக்குள் நுழையாமல் இதில் போகலாம். ஆனால் சுங்கக் கட்டணம் உண்டு. மிச்சமாகும் நேரமும் டீசலும் கட்டணத்தைவிடப் பெரிதா என்று ஓட்டுநர் பார்ப்பார். மாதிரியும் அப்படியே கணக்கிடுகிறது. இந்தச் சாலைக்கான கடனுக்காக, சுங்க வருவாயை நம்பி, மாநகராட்சி 2001-இல் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. இத்தகைய திட்டங்களில் வாகனக் கணிப்பு பிழைத்தால் சுமை நகராட்சி நிதியின் மேல் விழும்.

2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7.3 கி.மீ. நீளமுடையது. அது திறக்கப்பட்டபோது, தல்லாகுளத்தில் இறங்கித் தென்கரைக்குச் செல்லும் வாகனங்கள் கோரிப்பாளையத்தையும் வைகைப் பாலத்தையும் கடக்க வேண்டியிருந்தது. மேலே மிச்சமான நேரம் கீழே சந்திப்பில் கரையக்கூடும். எனவே ஒரு சாலையை மட்டுமன்றி, சாலை வலைப்பின்னல் முழுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வரம்புகள்

ஒரு கற்பனைக் கணக்கு: மேம்பாலத்தால் 10,000 பேருக்குத் தலா 3 நிமிடம் மிச்சம், நாளொன்றுக்கு 500 மணி நேரம். அதே பாலத்தால் 6,000 பாதசாரிகள் தலா 5 நிமிடம் சுற்றி நடந்தால் இழப்பும் 500 மணி நேரமே. பாதசாரிகளைக் கணக்கில் சேர்க்காத மாதிரி முதல் பாதியை மட்டுமே காட்டும்.

மேலும், அகலமான சாலை புதிய பயணங்களையும் ஈர்க்கும். பிரிட்டனில் 1994-இல் வெளியான அரசு ஆலோசனைக் குழுவின் அறிக்கை இதை உறுதிசெய்தது.

ஆகவே திட்ட அறிக்கையைப் படிப்போர் மொத்தப் பயனைப் பார்ப்பதோடு நில்லாமல், யாருடைய பயணங்கள் எண்ணப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும்.