கம்பெனி பதிவு: ஆன்லைனில் பணம் கட்டும் முன்

வெளிநாட்டில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்கள் பலர், சேர்த்த பணத்தில் இங்கேயே ஒரு தொழில் தொடங்க நினைக்கிறார்கள். திருச்சுழி பக்கம் என்றால் கரி, மிளகாய் வியாபாரம். அருப்புக்கோட்டை என்றால் சேலை, நூல் வியாபாரம். செல்போனில் தேடினால், சில நாட்களிலேயே கம்பெனி பதிவு செய்து தருவதாக விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இதில் எதை நம்பிப் பணம் கட்டுவது?

முதலில், கம்பெனி தேவையா?

மச்சான் இருவர் சேர்ந்து கடை தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது சாதாரணக் கூட்டு வியாபாரம். 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி, கடையின் கடனுக்கு இருவரும் பொறுப்பு. கடைச் சொத்து போதாவிட்டால் வீடு, நிலம் வரை கைவைக்கலாம். ஒருவர் கடை பெயரில் வாங்கிய கடனுக்கு மற்றவரும் பதில் சொல்ல வேண்டும்.

எல்.எல்.பி. (2008-ஆம் வருடச் சட்டம்), பிரைவேட் லிமிடெட் (2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டம்) ஆகியவற்றில் பொதுவாக நீங்கள் போட்ட முதலோடு நஷ்டம் நின்றுவிடும். இரண்டுக்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். தனி ஆளுக்கு ஒரு நபர் கம்பெனி என்ற வகை உண்டு.

ஆனால் வங்கியில் கடன் வாங்கும்போது உங்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து கேட்பது வழக்கம். அதில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு உதவாது. மோசடி செய்தவருக்கும் உதவாது.

தனி ஆளாகச் சிறு கடை நடத்துபவருக்கு உத்யம் பதிவும், தேவைப்பட்டால் ஜி.எஸ்.டி. பதிவுமே ஆரம்பத்துக்குப் போதும். உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

பதிவு செய்வது யார்?

எந்த ஆன்லைன் சேவையும் கம்பெனியைப் பதிவு செய்வதில்லை. பதிவு செய்வது மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகம். கம்பெனிக்கு 'ஸ்பைஸ் பிளஸ்', எல்.எல்.பி.க்கு 'ஃபில்லிப்' என்ற படிவத்தை அமைச்சகத்தின் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஆடிட்டர், கம்பெனி செயலர், வழக்கறிஞர் போன்ற ஒருவர் சான்றளிக்க வேண்டும். சென்னையிலிருந்து இயங்கும் இந்தியாஃபைலிங்ஸ் போன்றவை இந்த வேலையைச் செய்து தரும் தனியார் நிறுவனங்கள். நம் ஊரிலோ விருதுநகரிலோ மதுரையிலோ இருக்கும் ஆடிட்டரும் இதே வேலையைச் செய்வார்.

பதினைந்து லட்சம் வரை அனுமதி மூலதனம் உள்ள கம்பெனிக்கு அமைச்சகத்தின் பதிவுக் கட்டணம் இல்லை. முத்திரைத் தீர்வை, பான், டிஜிட்டல் கையெழுத்து ஆகியவற்றின் செலவு தனி. எல்.எல்.பி.யில் மொத்த முதல் ஒரு லட்சம் வரை என்றால் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எனவே 'அரசுக் கட்டணம்' என்று பெரிய தொகை சொன்னால் ரசீதைக் கேளுங்கள். சென்னை முகவரியும் தேவையில்லை. உங்கள் வீட்டு முகவரியிலேயே பதிவு செய்யலாம்.

பதிவுக்குப் பிறகு வருவது

விளம்பரம் சொல்லும் தொகை பதிவுக்கு மட்டும்தான். கம்பெனி என்றால் வியாபாரமே நடக்காவிட்டாலும் வருடாவருடம் தணிக்கை செய்து, கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் படிவம் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய். இரண்டு படிவம் ஒரு வருடம் தாமதமானால் 73,000 ரூபாய். எல்.எல்.பி.க்கு மே 30, அக்டோபர் 30 என இரண்டு கெடுக்கள். தாமதக் கட்டணமும் உண்டு. விற்பனை 40 லட்சத்தையும் முதல் 25 லட்சத்தையும் தாண்டாத எல்.எல்.பி.க்குத் தணிக்கை கட்டாயமில்லை. சிறிய கூட்டு வியாபாரத்துக்கு இது பெரிய மிச்சம்.

கம்பெனி தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால், அதன் இயக்குநர்கள் ஐந்து வருடம் தகுதி இழப்பார்கள். 2017-இல் இப்படி நாடு முழுவதும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள்.

ஆள் எண்ணிக்கைக்காக மனைவி, மகள் பெயரைச் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயருக்கு இயக்குநர் என்று சட்டத்தில் ஒன்று இல்லை; அபராதமும் தகுதி இழப்பும் அவருக்கும் வரும். எதில் கையெழுத்துப் போடுகிறார் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்வது நம் கடமை.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. மொத்தச் செலவு எவ்வளவு? ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் சேர்த்து எழுத்தில் தருவீர்களா?

2. இரண்டாம் வருடம் முதல் தணிக்கைக்கும் தாக்கலுக்கும் எவ்வளவு?

3. எங்கள் படிவத்தில் சான்றளிப்பவர் யார்? அவருடைய உறுப்பினர் எண் என்ன?

4. கேட்ட பெயர் கிடைக்காவிட்டால் மறு விண்ணப்பத்துக்குத் தனிக் கட்டணமா? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

5. எல்.எல்.பி. ஒப்பந்தத்தை எங்கள் பேச்சுப்படி எழுதுவீர்களா, எல்லோருக்கும் ஒரே மாதிரிதானா?

இந்த ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். லாபப் பங்கு, நஷ்டப் பங்கு, ஒருவர் விலகினால் என்ன, மௌத்தானால் வாரிசுகளுக்கு என்ன என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்க வேண்டும். பதிவான 30 நாட்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லப்பட்ட சமுதாயம் நாம். சொந்தம்தானே என்று வாய்ப்பேச்சில் விட்ட வியாபாரம்தான் பிறகு குடும்பத்தைப் பிரிக்கிறது.

கடைசியாக ஒன்று. பதிவில் உங்கள் மின்னஞ்சலும் உங்கள் செல்போன் எண்ணும்தான் இருக்க வேண்டும், ஏஜெண்டுடையது கூடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் கடவுச்சொல்லும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஓ.டி.பி.யை எதற்கென்று கேட்காமல் சொல்லாதீர்கள்.

இரண்டு ஆன்லைன் நிறுவனங்களிடமும் நம் பகுதி ஆடிட்டர் ஒருவரிடமும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒரே தாளில் எழுதுங்கள். வீட்டில் உட்கார்ந்து எல்லோரும் படித்துப் பாருங்கள். பதிவு பத்து நாள் தாமதமானால் நஷ்டமில்லை. பாலைவனத்தில் சம்பாதித்த பணம் அவசரத்தில் போய்விடக் கூடாது. இன்ஷா அல்லாஹ், நல்ல முறையில் தொடங்குங்கள்.