இடப்புறம் இருந்த இருட்டுக் குகை

பத்துமலைக்குப் போகாத தமிழ் மாணவர் நம் நாட்டில் அரிது. தைப்பூசக் கூட்டத்தோடு 272 படிகளையும் ஏறி இறங்கியிருப்போம். ஆனால், ஏறக்குறைய 200 படிகள் ஏறியதும் இடப்புறம் பிரியும் பாதை எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறோமா?

நான் அந்தப் பக்கம் திரும்பியது 2017இல், படிவம் நான்கில் படித்தபோதுதான். கிள்ளானில் கொம்யூட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறி, அறிவியல் கழக மாணவர்களாகிய நாங்கள் ஆசிரியையுடன் பத்துமலையில் இறங்கினோம். தலைக்கவசமும் கைவிளக்கும் தந்தார்கள். வழிகாட்டி இல்லாமல் இருட்டுக் குகைக்குள் அப்போது போக முடியாது.

“எதையும் தொடக்கூடாது” என்பதுதான் வழிகாட்டி அக்கா சொன்ன முதல் விதி.

உள்ளே வௌவால் எச்சத்தின் நெடி மூக்கைத் துளைத்தது. சுவரில் ஒரு சிறு மண் மூடியை அக்கா விளக்கடித்துக் காட்டினார். மூடியிலிருந்து மெல்லிய நூல்கள் நாலாபுறமும் நீண்டிருந்தன. பூச்சி எதுவும் நூலை மிதித்தால், மூடியைத் திறந்து பாய்ந்து பிடிக்கும் சிலந்தி அது. 1923இல் அறிவியல் உலகம் அதற்கு லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று பெயர் சூட்டியது. நம் பத்துமலையின் பெயர்தான் அதில் இருக்கிறது!

சூரிய ஒளி இல்லாத இடத்தில் செடி வளராது. அப்படியானால் உணவு? வெளியே இரை தேடிவிட்டு வரும் வௌவால்களின் எச்சமே இங்கு முதல் உணவு. அதைக் கரப்பான்கள் தின்கின்றன. அவற்றைச் சிலந்தியும் நூறுகாலிப் பூச்சியும் தின்கின்றன. இங்கு வாழும் தேனுண்ணும் வௌவால்கள்தாம் இரவில் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பவை. அவை குகையை விட்டுப் போனால், நம் டுரியானுக்கும் நட்டம்தான்.

ஓரிடத்தில் கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூண் ஒன்று ஈரமாக மின்னியபடி தொங்கியது. அக்கா முன்னே நடந்ததும் என் விரல் தானாக நீண்டது. தொட்டுவிட்டேன்.

“தம்பி, தொட்டீங்களா?”

தலை குனிந்தேன். அவர் திட்டவில்லை, பாடம்தான் நடத்தினார். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தபடி இறங்கி, குகைக்குள் வாயுவை வெளியே விடும்போது சுண்ணாம்பு மீண்டும் படிகிறது. அது சில சென்டிமீட்டர் வளரவே நூற்றாண்டுகள் பிடிக்கும். நம் கையிலுள்ள எண்ணெய்ப் பசை ஒட்டினால், அந்த இடத்தில் வளர்ச்சி நின்றுபோகலாம்.

பிறகு எல்லாரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கண் திறந்திருந்தும் என் கையே எனக்குத் தெரியவில்லை. துளி விழும் ஓசை மட்டும் கேட்டது. என் 16 வயதைவிட எத்தனையோ மடங்கு பழைய வேலையின் ஓசை அது. அதில் நான் குறுக்கிட்டுவிட்டேன் என்ற எண்ணம் உறுத்தியது.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலுள்ள ஆன்டலோப் பள்ளத்தாக்கின் படங்களை நாம் வியந்து பகிர்கிறோம். அங்கு திடீர் வெள்ளம் மணற்கல்லை அறுத்து இடுக்கு வழியாக்கியது. நவாஹோ மக்களின் நிலமான அங்கும் வழிகாட்டியோடுதான் போக முடியும். பாறையில் நீர் எழுதிய அதே வரலாறு, நமக்கு ஒரு ரயில் பயணத் தூரத்திலும் இருக்கிறது.

2019இல் இருட்டுக் குகைச் சுற்றுலா நிறுத்தப்பட்டது. 2020 தைப்பூசத்தன்று அந்தத் திருப்பத்தில் சற்று நின்றேன். உள்ளே போக முடியாதது வருத்தம்தான். ஆனாலும், என்னைப் போல் விரல் நீட்ட அங்கே யாரும் இல்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அடுத்த முறை படியேறும்போது நீங்களும் அங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சுவருக்கு அப்பால், அந்தச் சிலந்தி தன் மூடிக்குள் காத்திருக்கும்.