உலகம் சுற்றிய கொல்லர் பெயர்!

குட்டீஸ்... டென்னிஸ் பார்ப்பீர்களா? 2023-ஆம் ஆண்டு, ஜூன் மாதம். பாரிஸ் நகரில் பிரெஞ்ச் ஓபன் போட்டி. பிரேசில் நாட்டு வீராங்கனை ஒருவர் இடது கையால் பந்துகளை விளாசித் தள்ளி, அரையிறுதி வரை வந்துவிட்டார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் போட்டியில் பிரேசில் பெண் ஒருவர் அரையிறுதிக்கு வந்தது, 1968-ஆம் ஆண்டுக்குப் பிறகு அதுதான் முதல் முறை! அவர் பெயர், பியாட்ரிஸ் ஹத்தாத் மையா.

அதே 2023-இல், ஜனவரி மாதம், பிரேசிலின் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றவர் பெயர் பெர்னாண்டோ ஹத்தாத்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் இடம் பிடித்த முதல் ஈரானியர், ஹாமெத் ஹத்தாதி. 1930-ஆம் ஆண்டிலேயே, "பெண்களுக்குக் கல்வியும் உரிமையும் வேண்டும்" என்று துணிச்சலாகப் புத்தகம் எழுதிய டுனீசியா நாட்டு எழுத்தாளர், தாஹர் ஹத்தாத்.

நாலு பேர். மூன்று கண்டங்கள். ஆனால், ஒரே பெயர்! "எல்லாரும் ஒரே தாத்தாவின் பேரப் பிள்ளைகளோ?" என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை. இவர்களை இணைப்பது ரத்த சொந்தம் அல்ல. ஒரு சம்மட்டியும், கொஞ்சம் பழுக்கக் காய்ச்சிய இரும்பும்தான்! எப்படி என்று பார்ப்போமா?

இரும்பிலிருந்து பிறந்த பெயர்

அரபு மொழியில் இரும்புக்கு 'ஹதீத்' என்று பெயர். இரும்பை அடித்து வேலை செய்பவர், 'ஹத்தாத்'. அதாவது, நம் ஊர் கொல்லர்!

அரபு மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலான சொற்களுக்கு மூன்று எழுத்துக்களே வேர். அந்த வேரில் நடு எழுத்தை அழுத்தி, அடுத்து வரும் ஒலியை 'ஆ' என்று நீட்டினால், பல சமயம் அந்தத் தொழிலைச் செய்பவரின் பெயர் கிடைத்து விடும். பாருங்கள்:

* கைமா என்றால் கூடாரம். கூடாரம் செய்பவர், கய்யாம்.
* குப்ஸ் என்றால் ரொட்டி. ரொட்டி சுடுபவர், கப்பாஸ்.
* கைத் என்றால் நூல். துணி தைப்பவர், கய்யாத்.
* இத்ர் என்றால் வாசனைப் பொருள். அதை விற்பவர், அத்தார். (நாம் சொல்லும் 'அத்தர்' வந்த வழியும் இதுதான்!)

'கய்யாம்' என்றதும் தமிழாசிரியர் சொன்னது ஞாபகம் வருகிறதா? ஆமாம், பாரசீகக் கவிஞர் உமர் கய்யாம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தமிழில் தந்தாரே, அந்தப் பாடல்களுக்குச் சொந்தக்காரர். கணிதத்திலும் வானியலிலும் பெரிய மேதை. அவர் கூடாரம் தைத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும், அந்தத் தொழிலின் பெயர் அவரோடு ஒட்டிக் கொண்டது.

அவர் பிறந்த அதே நிஷாபூர் நகரில், அவருக்கும் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், அபூ ஹஃப்ஸ் என்ற ஞானி வாழ்ந்தார். அவர் உண்மையிலேயே இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர். அதனால், 'அபூ ஹஃப்ஸ் அல்-ஹத்தாத்' என்று அழைக்கப்பட்டார்.

அடையாளம் பெயரானது

அந்தக் காலத்து அரபு மக்களுக்கு, நிலையான குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. சொந்தப் பெயரைச் சொல்லி, 'இப்னு' என்று சேர்த்து, அப்பா பெயரைச் சொல்வர். 'இப்னு' என்றால் மகன். நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக் கொள்கிறோம் இல்லையா? கிட்டத்தட்ட அதுபோலத்தான்.

ஆனால், ஒரே ஊரில் நாலு யூசுப் இருந்தால் என்ன செய்வது? "எந்த யூசுப்?" என்று கேட்டால், "பட்டறைக்கார யூசுப்" என்று சொல்ல வேண்டியதுதான். ஊருக்கு ஊர் தச்சர், தையல்காரர் பலர் இருக்கலாம். சின்ன ஊரில் கொல்லர் பெரும்பாலும் ஒருவரோ, ஒரு குடும்பமோதான். கலப்பைக்குக் கொழு, குதிரைக்கு லாடம், அறுவடைக்கு அரிவாள், கதவுக்குத் தாழ்ப்பாள்... எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். "அந்தப் பட்டறைக்காரர்" என்றால் யாரென்று எல்லாருக்கும் புரியும். அப்புறம் மகனும் அதே பட்டறையில் துருத்தி ஊதுவான். பேரனும் ஊதுவான். பெயர் குடும்பத்தோடு தங்கிவிடும்.

இப்படி லெபனான் மலைக் கிராமத்தில் ஒரு ஹத்தாத், சிரியாவில் ஒரு ஹத்தாத், எகிப்தில் ஒரு ஹத்தாத், மொராக்கோவில் ஒரு ஹத்தாத் என்று தனித்தனியாக முளைத்தனர். ஆகவே, ஹத்தாத் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மூதாதையர் கிடையாது. மதமும் ஒன்றல்ல. இந்தப் பெயர் கொண்ட முஸ்லிம்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு, டுனீசியாவில் வாழ்ந்த யூதர்களிடமும் இந்தப் பெயர் உண்டு. நெருப்பும் இரும்பும் எல்லாருக்கும் பொதுதானே!

அதிகாரி எழுதிய பெயர்

நீங்கள் இப்போது ஒன்று கேட்பீர்கள்: "பட்டறையை மூடிய பிறகும், பெயர் ஏன் போகவில்லை?" ஏனென்றால், அரசாங்கப் பதிவேடு வந்து விட்டது!

ஆப்பிரிக்காவின் வடக்கே இருக்கும் அல்ஜீரியாவை, பிரான்ஸ் நாடு 1830 முதல் 1962 வரை பிடித்து வைத்திருந்தது. அங்கே கபீலியா என்ற மலைப் பகுதியில், ஒரு வயதான ஞானி இருந்தார். முன்னோர் கொல்லர் வேலை செய்ததால், அவரை 'ஷேக் அஹெத்தாத்' என்று மக்கள் அழைத்தனர். அரபுச் சொல்லை அந்த ஊர் பெர்பர் மொழிக்காரர்கள் உச்சரித்த விதம் அது. 1871-இல், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் பெரிய எழுச்சி நடந்தது. அந்தத் தள்ளாத வயதிலும், அவர் மக்களை அதில் சேரச் சொன்னார். எழுச்சி அடக்கப்பட்டது. 1873-இல், அவர் சிறையிலேயே உயிர் விட்டார்.

அதன்பின், 1882-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் போட்டது. அல்ஜீரிய மக்கள் எல்லாரும் ஒரு நிலையான குடும்பப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. தொழில் பெயர், ஊர்ப் பெயர், பட்டப்பெயர் என்று எது கிடைத்ததோ அது பதிவேட்டில் ஏறியது. அதிகாரி காதில் விழுந்தபடி எழுதியதுதான் எழுத்து! ஒரே குடும்பத்துக் கிளைகளுக்கு வேறு வேறு பெயர்கள் கொடுத்ததும் நடந்தது. கேலியான, அவமானமான பெயர்களைச் சுமந்தவர்களும் உண்டு. பள்ளியில் தினமும் அந்தப் பெயரைக் கேட்டு எழுந்து நிற்கும் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? நாடு விடுதலை அடைந்த பிறகுதான், அப்படிப்பட்ட பெயர்களை மாற்றிக் கொள்ளச் சட்டம் வழி செய்தது.

கடல் தாண்டிய ஹத்தாத்

சரி, மத்தியக் கிழக்கில் பிறந்த பெயர் தென் அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

லெபனான் மலைப்பகுதி மக்களுக்குப் பட்டுதான் பிழைப்பு. வீட்டுக்கு வீடு முசுக்கட்டைச் செடி வளர்த்து, பட்டுப்புழு வளர்த்தனர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கிழக்கு நாடுகளின் பட்டு, கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போக ஆரம்பித்தது. லெபனான் பட்டுக்கு விலை விழுந்தது. மலையில் நிலமும் குறைவு. அதனால், 1880-களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கப்பல் ஏறினர். முதல் உலகப் போர்க் காலத்தில், 1915 முதல் 1918 வரை, அங்கே பயங்கரப் பஞ்சமும் வந்தது. ஊரில் இருந்தவர்களில் ஏராளமானோர் மாண்டனர்.

பிரேசில், அர்ஜென்டினா, அமெரிக்கா... எங்கே இறங்கினாலும் முதல் வேலை, தலைச்சுமை வியாபாரம்தான். ஊசி, நூல், சீப்பு, பொத்தான் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, ஊர் ஊராக நடந்து விற்றனர். கொஞ்சம் காசு சேர்ந்ததும், சிறிய துணிக்கடை. பிரேசிலின் சாவோ பாலோ நகரில் 'மார்ச் 25 தெரு' என்று ஒரு கடைத்தெரு உண்டு. அதை வளர்த்தவர்கள் இந்தச் சிரிய, லெபனான் வியாபாரிகள்தான்.

ஆனால், உள்ளூர்க்காரர்கள் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டனர் தெரியுமா? "துருக்கியர்கள்!" லெபனான் அப்போது துருக்கிய ஒட்டோமான் பேரரசின் கீழ் இருந்தது. வந்தவர்கள் கையில் அந்தப் பேரரசின் பயணச் சீட்டு. அவ்வளவுதான் காரணம். எந்த ஆட்சியை விட்டு ஓடி வந்தார்களோ, அந்த ஆட்சியின் பெயராலேயே அழைக்கப்பட்டால் எப்படி இருக்கும், பாவம்!

அப்படி வந்தவர்களின் வழியில் வந்ததுதான் பியாட்ரிஸ் ஹத்தாத் மையாவின் பெயர். பெர்னாண்டோ ஹத்தாத்தின் அப்பா லெபனானிலிருந்து வந்து துணி வியாபாரம் செய்தவர். மகனோ, சாவோ பாலோ நகரின் மேயராக 2013 முதல் 2016 வரை இருந்தார். 2018-இல் நாட்டின் அதிபர் தேர்தலிலும் நின்றார்.

ஸ்மித் ஆகலாமா?

அமெரிக்கா சென்றவர்களுக்கு இன்னொரு சங்கடம். 'ஹத்தாத்' என்றால், "என்ன? திரும்பச் சொல்லு!" என்பார்கள். வாயில் நுழையாத பெயர் என்று வேலை கிடைக்காமல் போகுமோ என்று பயம். ஆகவே சிலர், பெயரை மொழிபெயர்த்து 'ஸ்மித்' ஆக்கிக் கொண்டனர். ஆங்கிலத்தில் ஸ்மித் என்றாலும் கொல்லர்தானே!

"துறைமுகத்து அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள்" என்று பல குடும்பங்களில் கதை சொல்வதுண்டு. ஆனால், நியூயார்க் துறைமுகத்தில் அதிகாரிகள், கப்பலிலிருந்து வந்த பட்டியலைச் சரிபார்த்தனரே தவிர, புதுப்பெயர் சூட்டவில்லை. பெரும்பாலும் குடியேறியவர்களேதான் பின்னாளில் மாற்றிக் கொண்டனர்.

மாற்றியவர்களைக் குறை சொல்ல முடியுமா? பிள்ளைகள் கேலிக்கு ஆளாகக் கூடாதே என்று நினைத்திருக்கலாம். மாற்றாமல் பிடிவாதமாக இருந்தவர்களும் உண்டு. அதனால்தான் இன்று அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாவற்றிலும் ஹத்தாத்கள் இருக்கின்றனர்.

கிழக்கே வந்த ஹத்தாத்

இதுவரை மேற்கே போனோம். இப்போது நம் பக்கம் வருவோமா?

ஏமன் நாட்டில் ஹத்ரமௌத் என்ற பகுதி. அங்குள்ள தரீம் ஊரில், 'அல்-ஹத்தாத்' என்ற குடும்பம் உண்டு. இவர்களுடைய முன்னோர் ஒருவர் கொல்லரே அல்ல! கொல்லர் பட்டறையில் அடிக்கடி போய் உட்கார்ந்திருப்பாராம். அதனால் அந்தப் பெயர் வந்தது என்று குடும்பத்தார் சொல்வர். சேர்க்கையால் வந்த பெயர்!

இந்தக் குடும்பத்தில் வந்த இமாம் அப்துல்லா அல்-ஹத்தாத் (1634 - 1720) புகழ்பெற்ற ஞானி. இவர் தொகுத்த 'ஹத்தாத் ராத்தீப்' என்ற துதியைக் கேரளத்தில் இன்றும் ஓதுகின்றனர். ஹத்ரமௌத் வியாபாரிகளும் அறிஞர்களும் பருவக்காற்றைப் பிடித்து மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேஷியா வரை சென்றனர். அங்கெல்லாம் அல்-ஹத்தாத் குடும்பங்கள் இன்றும் உண்டு.

உங்கள் பெயர் என்ன சொல்கிறது?

குட்டீஸ்... ஒரு பட்டறைச் சொல், மலை ஏறி, கடல் தாண்டி, டென்னிஸ் மைதானம் வரை போயிருக்கிறது பார்த்தீர்களா? அதைச் சுமந்தவர்களில் ஞானி உண்டு, கைதி உண்டு, தலைச்சுமை வியாபாரி உண்டு, அமைச்சர் உண்டு.

வகுப்பில் புதிதாக ஒரு மாணவன் சேர்கிறான். அவன் பெயர் உங்கள் வாயில் நுழையவில்லை. உடனே சிரித்து விடாதீர்கள். "உன் பெயரை எப்படிச் சொல்லணும்? என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். அவன் முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள்!

இன்று ராத்திரி, தாத்தா பாட்டியிடம் உங்கள் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்றும் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சரியா?

உலகெங்கும் கொல்லர்கள்!

இந்தக் குடும்பப் பெயர்கள் எல்லாமே கொல்லர் தொழிலைக் குறிப்பவைதான்:

* இங்கிலாந்து - ஸ்மித்
* ஜெர்மனி - ஷ்மிட்
* பிரான்ஸ் - லெஃபெவ்ர்
* இத்தாலி - பெராரி (ஆமாம், கார் கம்பெனி பெயரேதான்!)
* போலந்து - கோவால்ஸ்கி
* ஹங்கேரி - கோவாச்
* ரஷ்யா - குஸ்னெட்சோவ்
* துருக்கி - டெமிர்ஜி

குட்டித் தகவல்கள்

* பிரெஞ்சுக்காரர்கள் 'ஹ' ஒலியை விட்டுவிடுவர். அவர்கள் வாயில் ஹத்தாத், 'அதாத்' ஆகிவிடும். பிரேசிலில் பலர் சொல்வது, 'அதாஜி'!

* ஹத்தாத், அல்-ஹத்தாத், எல் ஹத்தாத், ஹதாத் எல்லாம் ஒரே பெயரின் வடிவங்கள். ஊருக்கு ஊர் எழுதும் முறைதான் வேறு.

* பழைய சிரியாவில் இடி, மழைக்கு 'ஹதாத்' என்ற தெய்வம் இருந்தது. பெயர் ஒன்று போலக் கேட்டாலும், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அரபு மொழியில் இரண்டு விதமான 'ஹ' உண்டு. கொல்லருக்கு ஒரு 'ஹ', தெய்வத்துக்கு வேறு 'ஹ'!