கோதுமை நாட்டின் இளவேனில்

இளவேனில் என்றவுடன் சித்திரையும் வைகாசியும் நம் நினைவிற்கு வரும். ஆனால், நம் நாடு போன்ற பரந்த நாட்டில் பருவங்கள் எங்கும் ஒரே காலத்தில் தொடங்குவதில்லை. வடமேற்கில் உள்ள பஞ்சாபிலும் அரியானாவிலும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களே இளவேனிற் காலமாகும். அப்பொழுது கடுகுச் செடிகள் மஞ்சட் பூக்களுடன் நிற்கும். அவற்றை அடுத்துக் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை கோதுமைப் பயிர் பசுமையாய்ப் பரந்திருக்கும். குளிர்ந்த தூறல் இடையிடையே வந்து போகும். ஏப்ரல் பிறந்ததும் தூறல் குறைந்து, வறண்ட காற்று வீசத் தொடங்கும். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அது முந்தினாலும் பிந்தினாலும் நேர்வன யாவை என்பதையும் காண்போம்.

நமக்கு மழை தருபவை பருவக் காற்றுகள். பஞ்சாபின் குளிர்கால மழையோ நெடுந்தொலைவிலிருந்து வருவது. மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள், வானில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் விரைந்து செல்லும் மேலைக் காற்றினால் செலுத்தப்பட்டு, ஈரான், ஆப்கானித்தானம் ஆகிய நாடுகளைக் கடந்து இமயத்தை வந்தடைகின்றன. அரபிக் கடலின் ஈரமும் அவற்றுடன் சேர்வதுண்டு. அவை மலையில் பனியாகவும் சமவெளியில் மழையாகவும் பொழியும். குளிர்காலத்தில் திங்கள்தோறும் 4 முதல் 6 வரை இத்தகைய தாழ்வுகள் வருதல் இயல்பு. வானிலை அறிஞர் இவற்றை ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்பர். உழவரைக் கேட்டுப் பெயரிட்டிருந்தால் இப்பெயர் அமைந்திராது!

மார்ச்சு 21ஆம் நாளையொட்டிக் கதிரவன் நிலநடுக்கோட்டைக் கடந்து வடபால் செல்கிறான். நிலம் சூடேறுகிறது. மேலைக் காற்றோட்டம் வலுக் குன்றி, சிறிது சிறிதாக இமயத்திற்கு வடக்கே ஒதுங்குகிறது. எனவே மழை அருகி, வானம் தெளிகிறது. அமிர்தசரசில் பிப்ரவரியில் ஏறத்தாழ 22 பாகை செல்சியசாக இருக்கும் பகல் வெப்பம், ஏப்ரலில் 34 பாகை அளவிற்கு உயர்ந்துவிடும். மே, ஜூன் திங்கள்களில் ‘லூ’ என்னும் வெங்காற்று வீசும்.

இவ்வெப்பம் படிப்படியாக ஏறுவதிலேதான் கோதுமையின் வாழ்வு அமைந்துள்ளது. நவம்பரில் விதைத்த பயிர் பிப்ரவரியில் கதிர் ஈனும். மார்ச்சில் கதிர் பால் பிடித்து, மணி திரளும். இலைகள் ஆக்கும் உணவு மாவுப்பொருளாக மணியில் சேர்வதற்குக் குளிர்ந்த நாள்கள் பல வேண்டும். வெப்பம் முந்திவிட்டால் பயிர் விரைந்து பழுத்துவிடும். மணியோ நிரம்பாமல் சுருங்கிப் போகும். ஆயினும் மணி முற்றிய பின்னர் வறட்சியே நன்மை. ஏப்ரல் 13ஆம் நாளையொட்டி வரும் வைசாகித் திருநாளில் அறுவடை தொடங்கும்போது, களத்தில் ஈரம் இருத்தலாகாது.

2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மேற்கத்திய இடையூறுகள் போதிய மழை தரவில்லை. நாட்டின் சராசரிப் பகல் வெப்பம் 33.1 பாகையை எட்டியது. 1901 முதல் உள்ள பதிவுகளில் அதுவரை எந்த மார்ச்சிலும் இத்துணை வெப்பம் இருந்ததில்லை. 11 கோடியே 13 இலட்சம் டன் கோதுமை விளையும் எனப் பிப்ரவரியில் கணக்கிட்ட அரசு, மே திங்களில் அதனை 10 கோடியே 64 இலட்சம் டன்னாகக் குறைத்தது. மே 13ஆம் நாள் கோதுமை ஏற்றுமதிக்குத் தடையும் விதித்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. 2023 மார்ச்சின் பிற்பகுதியில், ஓய வேண்டிய மழை ஓயாது பெய்தது. ஆலங்கட்டியும் பலத்த காற்றும் சேர்ந்துகொள்ள, முற்றி நின்ற பயிர் பல இடங்களில் தரையோடு சாய்ந்தது. நனைந்த மணிகள் பொலிவிழந்தன. அவற்றையும் கொள்முதல் செய்யும்பொருட்டு அரசு தன் விதிகளைத் தளர்த்தியது.

வானத்தைத் தடுக்க உழவரால் இயலாது. ஆயினும் அவர் வாளாவிருப்பதில்லை. வெப்பத்திற்கு முன்னரே மணி முற்றுமாறு சற்று முன்னதாகவே விதைப்பாரும் உளர். வெப்பம் தாங்கும் வகைகளைக் கர்னால் நகரிலுள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கி வருகின்றனர். மார்ச்சில் திடீரெனச் சூடு மிகுந்தால், வயலுக்கு அளவாக நீர் பாய்ச்சிப் பயிரைக் குளிர்விப்பதும் ஒரு முறை. அதிலும் ஓர் இடர் உண்டு. நீர் பாய்ந்து இளகிய மண்ணில் காற்று மோதினால், கதிர் கனத்த பயிர் வேரோடு சாய்ந்துவிடும். ஆதலின், உழவர் வானிலை அறிவிப்பைக் கேட்டறிந்து, காற்று அடங்கிய வேளை பார்த்தே மடையைத் திறக்கின்றனர்.