பிக்கப் வண்டியைத் தூக்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அறுவடை நேரத்தில் தென்னேரி பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று தென்னேரி ஏரி. அதன் பாசன வயல்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி மண் பாதையில் மெதுவாக வருகிறது. டிராக்டர் டயர் போட்ட பள்ளத்தில் சக்கரங்கள் இறங்குகின்றன. நடுவில் இருக்கும் மேடு வண்டியின் அடியில் கரகரவென்று உரசுகிறது. ஓட்டுநர் இறங்கிக் குனிந்து பார்க்கிறார். கூட வந்தவர் சொல்கிறார்: "வண்டியைக் கொஞ்சம் தூக்கிட்டா சரியாப் போயிடும்ணே!"

இப்படித் தூக்குவதற்குப் பெயர்தான் சஸ்பென்ஷன் லிஃப்ட். ஸ்பிரிங்கையோ அதைத் தாங்கும் பாகங்களையோ மாற்றி, வண்டியின் உடலை இரண்டு, மூன்று அல்லது நான்கு அங்குலம் உயர்த்துவது. செல்போனில் தேடினால் இதற்கான கிட் நிறைய வரும். வீடியோவில் பார்க்க கம்பீரமாகவும் இருக்கும். ஆனால் உங்கள் வண்டி சோறு போடுகிற வண்டி. காசு செலவழிக்கும் முன்பு நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

1. முதலில், எது இடிக்கிறது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அடியில் குனிந்து பாருங்கள். தேய்ந்த தடம் எங்கே இருக்கிறது? பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முழு அச்சு இருக்கும். அதன் நடுவில் உருண்டையாகத் தொங்குவது டிஃபரன்ஷியல். பல வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் இந்த உருண்டையை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங் அதற்கு மேலே இருப்பது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸும் பாடியும்தான் மேலே போகும். ஆகவே உரசுவது டிஃபரன்ஷியல் என்றால் கிட் வாங்கும் பணம் வீண். உரசுவது டீசல் டேங்க், சைலன்சர், முன் பம்பர் என்றால் மட்டுமே லிஃப்ட் பற்றிய பேச்சுக்கே அர்த்தம் உண்டு.

"அப்போ பெரிய டயர் போட்டா?" என்று கேட்பீர்கள். பெரிய டயர் அச்சை உயர்த்தும், உண்மைதான். ஆனால் எவ்வளவு? 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ. 235/75 ஆர்15 டயருக்கு சுமார் 733 மி.மீ. அச்சு உயர்வது இதில் பாதி, அதாவது ஒன்றரை சென்டிமீட்டர். அதோடு ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62, 63-இல் ஓடும். பிரேக்குக்கும் கியருக்கும் சுமை கூடும். வளைவில் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசலாம்.

2. செல்போனில் ஆர்.சி.யைத் திறங்கள்

டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ உங்கள் ஆர்.சி. இருக்கும், இல்லையென்றால் கையில் இருக்கும் அட்டையை எடுங்கள். அதில் வெற்று எடை, மொத்த எடை என இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள்.

உதாரணமாக, மொத்த எடை 2,800 கிலோ, வெற்று எடை 1,600 கிலோ என்றால் மீதி 1,200 கிலோ. ஓட்டுநரும் கூட ஒருவரும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்தால், சரக்குக்கு 1,050 கிலோ. 40 கிலோ நெல் மூட்டை 26 ஏற்றலாம். நீங்கள் ஏற்றுவது 40 மூட்டையா? அப்படியானால் வண்டி தாழ்வாக இல்லை. சுமைதான் அதைத் தாழ்த்துகிறது. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது.

அடுத்து ஒரு அளவு நாடா எடுங்கள். வண்டி காலியாக இருக்கும்போது சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். அதே மாடலில் புது வண்டி ஒன்று கிடைத்தால் அதையும் அளங்கள். உங்கள் வண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தாலோ, இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தாலோ, கமான் பட்டை சோர்ந்துவிட்டது என்று பொருள். பட்டைகளில் விரிசல் இருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனம் சொன்ன அதே அளவில் புதுப் பட்டை போட்டால், இழந்த உயரம் திரும்பி வரும். இது பழுது பார்ப்பது. சட்டப்படி வாகன மாற்றம் ஆகாது.

3. தூக்கினால் வண்டியில் என்னென்ன மாறும்?

கிட்டுகளில் சில வகை உண்டு. அச்சுக்கும் கமான் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ-போல்ட் போடுவது ஒன்று. பட்டை தொங்கும் ஷேக்கிளை நீளமாக்குவது இன்னொன்று. கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது மூன்றாவது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவது நான்காவது. முதல் இரண்டும் மலிவு. ஆபத்தும் அவற்றில்தான் அதிகம். ஸ்டியரிங் இருக்கும் முன் அச்சில் கட்டை வைப்பது அறவே கூடாது. கூடுதல் பட்டை சேர்த்தால் வண்டி காலியாகப் போகும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். பட்டை ஏறியதால் ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பு ஏறாது.

எந்த வகையானாலும் இவை மாறும்:

கவிழும் ஆபத்து. ஏரிக்கரையில் ஓட்டுபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர், சரக்கோடு சேர்ந்த வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கணக்குப்படி வண்டி சுமார் 38 டிகிரி சாய்ந்தால் கவிழும். நான்கு அங்குலம் தூக்கினால் அது 35 டிகிரி ஆகிவிடும். "மூணு டிகிரிதானே" என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்கினாலே வண்டி 6 டிகிரி சாய்கிறது. நீங்கள் இழப்பது அதில் பாதி. இதுவும் நிற்கிற வண்டிக்கான கணக்கு. ஸ்பிரிங் அமுங்கி, மூட்டை ஒரு பக்கம் சரிந்து, கரையின் ஈர மண் இளகும்போது வண்டி இன்னும் முன்னதாகவே கவிழும். கரையின் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம் என்பதை மறக்க வேண்டாம்.

பிரேக். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே சிறு கம்பியோடு ஒரு வால்வு இருக்கும். அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்து எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அது கண்டுகொள்ளும்; அதற்கேற்ப பின் பிரேக்குக்கு அழுத்தம் தரும். வண்டியைத் தூக்கினால் இடைவெளி கூடும். வால்வு 'வண்டி காலி' என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மூட்டை நிறைய இருக்கும், பிரேக் பாதிதான் பிடிக்கும். பிரேக் ஹோஸும் இழுபட்டு நிற்கும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் இந்தத் தண்டின் கோணம் செங்குத்தாகிறது. மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்லும் ஜாயிண்ட் அதிர்ந்து சீக்கிரம் தேயும்.

ஹெட்லைட். மூக்கு மேலே போனால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இரவில் வாலாஜாபாத் சாலையில் இரு சக்கர வாகனத்தில் வருபவருக்கு உங்கள் வண்டி தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

4. சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தி நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவு விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும்படி அமைப்பை மாற்றுவதே 'மாற்றம்' என்று அதே பிரிவு விளக்குகிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. "உயரம் ஆர்.சி.யிலேயே இல்லையே" என்று வாதாடிப் பயனில்லை. நிறுவனம் ஒப்புதல் பெற்ற அமைப்புதான் அளவுகோல்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரு மாடல் விற்பனைக்கு வரும் முன்பு அதன் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் எல்லாம் சோதிக்கப்படுகின்றன. அப்படிச் சோதிக்கும் மையங்களில் ஒன்றான குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் நம் பக்கத்து ஒரகடத்திலேயே இருக்கிறது. பட்டறையில் நான்கு அங்குலம் தூக்கிய வண்டியை அப்படி யாரும் சோதித்ததில்லை. முதல் சோதனை உங்களையும் உங்கள் ஓட்டுநரையும் வைத்துத்தான் நடக்கும்.

மீறினால், 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மஞ்சள் பலகை வண்டி என்றால் எஃப்.சி. சிக்கல் தனி. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கிட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியுமா? விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் குறைக்கவோ மறுக்கவோ இடம் உண்டு. வண்டிக் கடன் முடியாத நிலையில் அந்த அடி தாங்காது.

சரி, அப்போ என்னதான் பண்றது?

இந்த வரிசையில் போங்கள்:

முதலில் சுமையை ஆர்.சி. அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூட்டைகளைத் தாழ்வாகவும் சமமாகவும் அடுக்குங்கள். ஒரு நடை கூடுதலாகும், அவ்வளவுதான்.

சோர்ந்த கமான் பட்டை, ஷாக் அப்சார்பர், புஷ் ஆகியவற்றை நிறுவனம் சொன்ன அளவிலேயே மாற்றுங்கள். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் கையேட்டில் உங்கள் மாடலுக்கு அனுமதித்த டயர் அளவுகளைப் பாருங்கள். அவற்றில் மண் பாதைக்கு ஏற்ற பட்டன் உள்ள டயரைத் தேர்ந்தெடுங்கள்.

மோசமான அரை கிலோமீட்டரை டிராக்டரில் கடந்து, தார்ச் சாலையில் பிக்கப்புக்கு மாற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

புது வண்டி வாங்குவதாக இருந்தால், நிறுவனமே அதிக உயரத்தோடும் நான்கு சக்கர இயக்கத்தோடும் தரும் மாடலைக் கேளுங்கள். அது சோதித்து வந்த உயரம்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றம் தேவை என்றால், வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். டி.என். 21 வண்டி என்றால் அது காஞ்சிபுரம் அலுவலகம். தவணையில் உள்ள வண்டி என்றால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று பட்டறையில் சொன்னால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வண்டியைத் தூக்காமல் பாதையைத் தூக்கலாமே

உங்கள் ஒரு வண்டியைத் தூக்கினால் உங்களுக்கு மட்டும்தான் வழி. பாதை சரியானால் ஊருக்கே வழி. பள்ளமான இடத்தைச் செல்போனில் படம் எடுங்கள். மேப்பில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையத்தை அழைத்துப் புகார் தரலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஊராட்சிப் பாதை என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் பேசுங்கள். தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். பெரிய ஏரியின் கரை என்றால் நீர்வளத் துறைக்கு மனு கொடுங்கள். மழைக்காலத்தில் பாரம் ஏற்றிய வண்டி போனால் கரையும் பலவீனமாகும் என்பதால், மாற்றுப் பாதை கேட்பதே நல்லது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டி காலியாக நிற்கும்போது அடியில் குனிந்து, எது உரசுகிறது என்று ஒரு படம் எடுங்கள். கிட் விற்பவரிடம் போகும் முன்பு அந்தப் படத்தை உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.