இரண்டு கடிகாரம், ஓர் இரவு

மூச்சும் தூக்கமும் – 9

திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளம் விடிவதற்கு வெகு முன்பே விழித்துக்கொள்ளும். தமிழ்நாட்டு லாரிகள் இருட்டோடு இருட்டாகச் சரக்கு இறக்கும். அதை அடுத்த ஆரியசாலையில் குடியிருக்கும் தமிழ்க் கடைக்காரர்கள் பலருக்கு நாலைந்து மணி நேரம் கண்ணயர்ந்தாலே பெரிது. பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒருவர் தூங்கி வழிந்தால் யாரும் அதை நோயாக எண்ணுவதில்லை. "ராத்திரி தூக்கமில்ல, அதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் தூக்க மூச்சுத்தடை நோய் எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம்.

ஒளிந்திருப்பவர் தொகை சிறிதல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். இந்தியாவில் உழைக்கும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம், அவர்களில் 4.7 கோடிப் பேருக்கு அது நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருக்கலாம் என்றது அது.

சென்ற வாரம் சிபாப் கருவியைப் பார்த்தோம். சிட்னியில் காலின் சல்லிவன் வடிவமைத்து, 1981இல் லான்செட் இதழில் உலகுக்கு அறிவித்த கருவி. முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டைப் பாதையைத் திறந்து வைக்கிறது. கருவியை வாங்கி மாட்டியாயிற்று. அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று வீட்டில் இருந்தபடி தெரிந்துகொள்ள முடியுமா? ஓரளவுக்கு முடியும். அந்த வழியும் அதில் உள்ள பெரிய பள்ளமும்தான் இந்த வாரப் பேச்சு.

சிபாப் கருவி இரவெல்லாம் மூச்சை அளக்கிறது. காற்று எவ்வளவு போனது, எங்கே கசிந்தது, எப்போது 10 விநாடிக்கு மேல் மூச்சு நின்றது என்பதெல்லாம் அதன் எஸ்.டி. கார்டில் பதிவாகின்றன. மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்குக்கு ஏ.எச்.ஐ. என்று பெயர். பெரியவர்களுக்கு 5க்குள் இருந்தால் நல்லது. 15ஐத் தொட்டால் நடுத்தரம். 30ஐ எட்டினால் கடுமை. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்பது பெரும்பாலான வீட்டுக் கருவிகளுக்குத் தெரியாது. மூச்சு சீராகப் போயும் ஆக்சிஜன் குறைந்தே இருக்கலாம். நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கும் உடல் மிகப் பருத்தவர்களுக்கும் அப்படி நேரும். அதைச் சொல்ல விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வேண்டும்.

ஆக்சிமீட்டர் இன்று யாருக்கும் புதிதல்ல. ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் தகுவோ அயோயாகி 1974இல் கண்ட முறை அது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே பாய்ச்சி, துடிப்போடு ஏறி இறங்கும் ரத்தம் எதை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து ஆக்சிஜன் செறிவைக் கணக்கிடுகிறது. கொரோனாவின் இரண்டாம் அலையில் மருந்துக் கடைகளில் இதற்கு ஆளாய்ப் பறந்தார்கள். 2021 மே மாதம் கேரள அரசு இதற்கு 1,500 ரூபாய் என்று விலைவரம்பே விதித்தது. அன்று வாங்கியது இன்றும் பல வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும். ஆனால் அது நம் வேலைக்கு உதவாது. அந்த நொடியின் எண்ணைக் காட்டிவிட்டு மறந்துவிடும் கருவி அது. இரவு முழுவதும் பதிந்து வைக்கும் வகை வேண்டும். மணிக்கட்டில் கட்டுவதும், மோதிரம் போல அணிவதும் உண்டு.

இந்த இரண்டு பதிவுகளையும் ஒரே திரையில், ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆஸ்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. செய்முறை எளிது. எஸ்.டி. கார்டில் எதையும் எழுத முடியாதபடி அதன் பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளிவிட்டுக் கணினியில் செருகுங்கள். முதலில் சிபாப் பதிவை ஏற்றுங்கள். அதன் பிறகே ஆக்சிமீட்டர். இந்த வரிசை முக்கியம். ஆக்சிமீட்டர் பதிவை எந்த உறக்கத்தோடு இணைப்பது என்று மென்பொருள் கேட்கும்போது, அந்த உறக்கம் அதனிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஆக்சிமீட்டருக்கென்று தனி வழிகாட்டிப் பகுதி உண்டு. கான்டெக் சி.எம்.எஸ்.50 வரிசைக் கருவிகளைக் கம்பி வழியாக நேரடியாகவே இறக்கலாம். மோதிர வகைகளில் பதிவு முதலில் கைபேசிச் செயலிக்குப் போகும். அங்கிருந்து பைனரி கோப்பாக எடுத்து ஆஸ்கருக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்து அது கேட்கும் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்தப் பதிவு எத்தனை மணிக்குத் தொடங்கியது? ஆக்சிமீட்டரின் சொந்தக் கடிகாரத்தை நம்பலாம். சிபாப்பை இயக்கிய அதே நேரத்தில் இதையும் இயக்கினேன் என்று சொல்லலாம். நேரத்தை நாமே கைப்பட எழுதலாம். சி.எம்.எஸ்.50டி பிளஸ் போன்ற கருவிகளில் கடிகாரமே கிடையாது. அவற்றுக்கு நாம் சொல்வதுதான் நேரம்.

நவராத்திரிக்கு வேளிமலை முருகன் வந்து தங்கும் ஆரியசாலைக் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில், மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். துபாயில் வேலை செய்யும் மகன் அங்கேயே சிபாப் வாங்கி அனுப்பியிருந்தார். பதிவுகளை ஏற்றி இரண்டு வரைபடங்களையும் அவரிடம் காட்டினேன். மூச்சின் கோடு எட்டரை மணிக்குத் தொடங்கியது. ஆக்சிஜன் கோடு பத்து மணிக்கு.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "தம்பி, எட்டரைக்கு நான் எங்க படுத்தேன்? கடைய அடைக்கவே ஒன்பது ஆவுமே!"

அதுவே விடை. சிபாப் துபாய் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கிய நேரம் அது. அவர் விரலில் அணிந்த மோதிர ஆக்சிமீட்டரோ கைபேசியைப் பார்த்து இந்திய நேரம் வைத்திருந்தது. குமரி மாவட்டத்திலும் தென்கேரளத்திலும் வளைகுடாவிலிருந்து வந்த கருவி பல வீடுகளில் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்தால் இரண்டரை மணி முந்தியிருக்கும். பதிவை ஏற்றுவதற்கு முன் கருவித் திரையில் உள்ள நேரத்தைக் கைபேசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றரை மணிப் பிசகு கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஏமாற்றுவது இரண்டு நிமிடப் பிசகு. இரண்டு கோடுகளும் பொருந்தியது போலவே இருக்கும். ஆனால் ஆக்சிஜனின் ஒவ்வொரு சரிவும் தனக்குச் சம்பந்தமில்லாத மூச்சின் கீழே போய் உட்காரும். இதைக் கண்டுபிடிக்க உடம்பே ஒரு வழி வைத்திருக்கிறது. மூச்சு நின்றவுடன் விரலில் ஆக்சிஜன் குறையாது. நுரையீரலில் இருந்து ரத்தம் விரல்நுனிக்கு வந்து சேர நேரமாகும். கருவியும் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டும். ஆகவே மூச்சு நின்று, திரும்ப வந்த பிறகே பெரும்பாலும் சரிவின் அடிமட்டம் தெரியும். சுமார் 20 முதல் 40 விநாடி பிந்தும். மூச்சு திரும்பும் வேளையில் நாடித்துடிப்பு சட்டென ஏறும். உங்கள் வரைபடத்தில் ஆக்சிஜன் முதலில் சரிந்து, மூச்சு அதற்குப் பிறகு நின்றதாகத் தெரிந்தால் கடிகாரம் தவறு என்று பொருள். நேரத்தைத் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

எல்லாச் சரிவும் உண்மையல்ல. மூச்சுத்தடையால் வரும் சரிவு ரம்பப் பல் போல இருக்கும். மெல்ல இறங்கி விரைந்து ஏறும், அடுத்தடுத்து வரும். செங்குத்தாக விழுந்து, நாடியும் சேர்ந்து காணாமல் போனால் கருவி விரலில் நழுவியிருக்கும், அல்லது கையின் மேல் படுத்திருப்பீர்கள். குளிர்ந்த விரலும் அடர்ந்த நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும். நல்ல கருவியிலும் ஓரிரு சதவீதம் முன்பின் இருக்கும் என்பதால் 94க்கும் 93க்கும் நடுவே பொருள் தேட வேண்டாம்.

நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டியது இன்னொன்று. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2020 டிசம்பரில் வந்த மிச்சிகன் ஆய்வு, ஆக்சிமீட்டர் கண்டுகொள்ளாத ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. கருநிறத் தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நிறம் அடர்ந்தவர்கள் "92 இருக்கிறதே" என்று நிம்மதி கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஓர் எண்ணைவிட, இரவில் அது எத்தனை முறை விழுந்தது, 90க்குக் கீழே எவ்வளவு நேரம் கிடந்தது என்பதே கூடுதலாகச் சொல்லும்.

ஆஸ்கர் எப்படி நம் கைக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மார்க் வாட்கின்ஸ் என்பவர் ஸ்லீப்பிஹெட் என்ற மென்பொருளைக் கட்டற்ற உரிமத்தில் எழுதி வெளியிட்டிருந்தார். 2019இல் அவர் அந்தப் பணியை நிறுத்தினார். தனியார் சொத்தாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். மூல நிரலை எவரும் எடுத்து வளர்க்கலாம் என்று உரிமம் சொன்னதால் தன்னார்வலர்கள் அதை எடுத்து அதே ஆண்டில் ஆஸ்கராகத் தொடர்ந்தார்கள். உங்கள் பதிவு உங்கள் கணினியிலேயே இருக்கிறது. யாருடைய சர்வருக்கும் போவதில்லை. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இந்தச் சிந்தனை அந்நியமல்ல. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் தொடங்கி வைத்தது இதே ஊரில்தான். நோயாளியின் மூச்சு நோயாளிக்குச் சொந்தம். அதைப் படிக்கும் கருவியும் அவர் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சொந்தம் என்பதால் வைத்தியத்தையும் நாமே செய்துகொள்ளலாம் என்று ஆகாது. வரைபடத்தைப் பார்த்து அழுத்தத்தை நீங்களே கூட்டிக் குறைக்காதீர்கள். மூளை அலை, கண்ணசைவு, நெஞ்சசைவு எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் முழு ஆய்வுக்கு இது மாற்றாகாது. இந்த ஊரிலேயே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் தூக்கக் கோளாறுகளுக்கான மையம் இருக்கிறது. ஏ.எச்.ஐ. நன்றாக இருந்தும் ஆக்சிஜன் நெடுநேரம் 90க்குக் கீழே கிடந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது நேரம் சரிபார்த்த சில இரவுகளின் வரைபடத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். எந்தக் கருவி, எந்த விரல், எந்தக் கடிகாரம் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். "தூக்கமே சரியில்ல டாக்டர்" என்று மட்டும் சொல்பவரைவிட, "இரண்டு மணிக்கு மேல் மல்லாந்து படுத்தால் ஆக்சிஜன் விழுகிறது" என்று தாளைக் காட்டிச் சொல்பவருக்கு மருத்துவர் விரைவாக வழி காட்ட முடியும்.

அடுத்த வாரம்: முகமூடிக் கசிவு. மீசைக்கும் முகமூடிக்கும் ஒத்துப்போகுமா?

(தொடரும்)